ஐந்து சீட்டிலும் ஒரே பெயர்

என் வீட்டுக்காரரை நான் ஒரு முறை அக்கரைக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அவரைவிட ஒரு முழம் உயரமான ஆளை வாங்கிக்கொண்டேன். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கிறார்கள். அவர் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வார்: "எடை போட்டுத்தான் குடுத்தா." அது பொய். நான் உயரத்தை மட்டும்தான் பார்த்தேன்.

நான் பிறந்தது லைட்ஹவுஸ் குப்பம், வாழ்க்கைப்பட்டது கோட்டைக்குப்பம். நடுவில் ஏரி. அப்போது பாலம் கிடையாது, படகில்தான் போய்வர வேண்டும். என்னைக் கோட்டைக்குப்பத்துக்குக் கொடுத்த அதே நாளில், அதே பந்தலில், என் வீட்டுக்காரரின் தங்கையை என் அண்ணனுக்கு எடுத்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்பார்கள். ஒரே பந்தல், ஒரே சமையல், இரண்டு கல்யாணம். இங்கே மருமகளைத் திட்டினால் அங்கே மகளுக்குத் திட்டு விழும் என்பதால் இரண்டு மாமியார்களும் நாக்கை அளந்துதான் பேசுவார்கள். நல்ல யோசனையான ஏற்பாடு. யோசித்தவர்கள் யாரும் கல்யாணப் பெண்கள் எங்கள் இருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது ஒன்றுதான் குறை.

வந்த புதிதில் எட்டு மாதம் நான் இந்த வீட்டில் இரண்டாவது தடவை குழம்பு கேட்டதில்லை. போட்டதைத் தின்றுவிட்டு எழுந்துவிடுவேன். நண்டுக் குழம்பு வைத்த நாட்களில் கையைக் கழுவவே மனசு வராது. மாமியார் கெட்டவள் இல்லை, கேட்டிருந்தால் போட்டிருப்பாள். எனக்குத்தான் கேட்க வாய் வரவில்லை. வெட்கம் என்று சொல்லிக்கொண்டேன். வெட்கம் எட்டு மாதமா இருக்கும்?

சரி, பந்தாட்டத்துக்கு வருகிறேன்.

பழவேற்காட்டில் டச்சுக்காரன் கல்லறைத் தோட்டத்து மதிலை ஒட்டி ஒரு சிமென்ட் தளம் இருந்தது. மீன் காயவைக்க யாரோ புண்ணியவான் போட்டுக் கொடுத்தது. எங்களிடம் இறால் வாங்கி வெளியூருக்கு அனுப்பும் வியாபாரி ஒருவர், சென்னையில் மகன் படிக்கிற காலேஜில் பாஸ்கெட்பால் பார்த்துவிட்டு வந்து, அந்தத் தளத்தின் இரண்டு முனையிலும் கம்பம் நட்டு வளையம் மாட்டினார். சுற்றுவட்டத்தில் நாலு ஊருக்கு நாலு டீம். ஞாயிற்றுக்கிழமை கருவாட்டை வாரிவிட்டு, தளத்தைக் கழுவிவிட்டு ஆட்டம். எவ்வளவு கழுவினாலும் செதில் போகாது. விழுந்து எழுந்தவன் முதுகெல்லாம் மினுமினுக்கும்.

"சம்பளம் வாங்கி ஆட்றவன்தான் புரொஃபஷனல். நீங்கல்லாம் இன்னிலேர்ந்து புரொஃபஷனல்" என்று வியாபாரி அறிவித்தார். சம்பளம், ஆட்டத்துக்கு ஆளுக்கு ஒரு கூடை இறால். அதுவும் பொடி இறால். ஏரியில் தாங்களே பிடித்து அவரிடம் போட்ட இறாலை அவரிடமிருந்தே சம்பளமாக வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு பெருமையாக வீட்டுக்கு வந்தார்கள் எங்கள் புரொஃபஷனல்கள்.

வளையத்துக்கு வலை கட்டுகிற வேலையைக் கோட்டைக்குப்பத்து ஆட்கள் சண்டை போட்டு வாங்கினார்கள். வலை கட்ட எங்களுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? கட்டினார்கள், அடியில் மீன் தங்குகிற மடிப் பை வைத்து. உள்ளே போனது வெளியே வந்துவிட்டால் அது என்ன வலை? முதல் ஆட்டத்தில் முதல் பந்து உள்ளே போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. "மாட்டிக்கிச்சி, மாட்டிக்கிச்சி" என்று ஊரே கைதட்டியது. ஒருவன் கம்பத்தில் ஏறிப் பந்தை விடுவிக்கிற வரைக்கும் இரண்டு டீமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. மடியை அறுக்கச் சொன்னபோது கட்டினவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பந்து மதிலைத் தாண்டிக் கல்லறைத் தோட்டத்துக்குள் விழுந்தாலும் ஆட்டம் நிற்கும். அந்த வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கின எலும்புக்கூடுகள் நிற்கின்றன. பந்து எடுக்கப் போகிறவன் அவற்றுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உள்ளே போவான். எங்கள் டீம் தோற்கத் தோற்க, இவனுங்களுக்கு அந்த ரெண்டு பேர இறக்கிவிட்டாகூடத் தேவலை என்று ஊரில் பேச ஆரம்பித்தார்கள்.

எனக்கு ஆட்டம் தெரியும். பொன்னேரியில் கன்னியாஸ்திரிகள் நடத்தின பள்ளிக்கூடத்து விடுதியில் தங்கிப் படித்தவள், பன்னிரண்டாவது முடிகிறவரை பள்ளிக்கூட டீமில் ஆடினவள். முதல் ஆட்டத்தில் எங்கள் ஆட்கள் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, திருடின கோழியோடு ஓடுகிற மாதிரி ஓடினார்கள். கருவாட்டுக் கூடையோடு ஓரமாக நின்றிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. "யோவ், தட்டிக்கினு ஓடுயா! தூக்கிக்கினு ஓடுனா தப்பு!" என்று கத்திவிட்டேன். கத்தினது என் வீட்டுக்காரரைப் பார்த்து. பழக்கதோஷம்.

வியாபாரி திரும்பிப் பார்த்தார். "இந்த ஆட்டம் தெரியுமாம்மா உனக்கு?" என்றார். தெரியும் என்றேன். அந்த நிமிஷமே விசில் என் கைக்கு வந்துவிட்டது. பொம்பளை விசில் அடித்தால் ஊர் என்னத்துக்கு ஆகும் என்று நாலு பெரிய மனிதர்கள் கிளம்பினார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் இருந்த என் மாமனார் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "வூட்ல அவதானே அடிக்கிறா. இங்கயும் அடிக்கட்டும்" என்றார். அதோடு நான் கோட்டைக்குப்பம் டீமுக்குக் கோச்.

என் ஐந்து பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவன் ஏரிச் சேற்றில் கையாலேயே துழாவி நண்டு பிடிக்கிறவன். உள்ளங்கை முறம் மாதிரி இருக்கும். பந்தை அப்படியே கவ்வுவான், அடுத்த நொடியே கடிபடப்போகிறவன் மாதிரி உதறி எறிந்துவிடுவான். இன்னொருவன் வேகமாக ஓடுவான். எந்தப் பக்கம் என்பது மட்டும் அவனுக்கே தெரியாது. அண்ணன் தம்பி இருவர், ஒரே வலையை இழுத்துப் பழகினவர்கள், பந்தைத் தங்களுக்குள் மட்டும் கொடுத்துக்கொள்வார்கள். ஐந்தாவது, என் வீட்டுக்காரர்.

அவர் எறிந்தால் பத்துக்கு ஏழு உள்ளே விழும். எங்கிருந்து எறிந்தாலும் விழும். அவரிடம் ஒரே ஒரு கோளாறு. பந்து அவர் கைக்கு வந்துவிட்டால் வந்ததுதான். மூன்று பேர் சூழ்ந்து நின்றாலும், பக்கத்தில் நம் ஆள் தனியாக நின்று தொண்டை கிழியக் கத்தினாலும், கொடுக்க மாட்டார். "கொடுய்யா" என்று நான் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கத்துவேன். "நான்தான் போட்றேனே, அப்பறம் இன்னா?" என்பார்.

முதல் மூன்று ஆட்டமும் தோற்றோம். எங்களில் உயரமான ஆள் கிடையாது. வளையத்தில் பட்டுத் தெறிக்கிற பந்தெல்லாம் எதிரி கைக்கே போனது. லைட்ஹவுஸ் குப்பத்தில் நெட்டை ஒருத்தன் இருந்தான். என் அண்ணன்தான் அந்த டீமுக்குக் கேப்டன். அந்த நெட்டை கையைத் தூக்கினால் போதும், பந்து தானாக அவன் கையில் வந்து உட்காரும். ஊர்க்காரர்களே அவனை ரெண்டாவது லைட்ஹவுஸ் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவர்களுக்குத் தூரத்திலிருந்து எறிய ஆள் கிடையாது.

அப்போதுதான் வியாபாரி டிவியில் எதையோ பார்த்துவிட்டு வந்து குண்டைப் போட்டார். பெரிய ஊர்களில் பாதி ஆட்டங்கள் முடிந்ததும் டீம்கள் ஆளை மாற்றிக்கொள்கிறார்களாம். நாங்களும் டீமுக்கு ஒருத்தரை மாற்றிக்கொள்ளலாமாம், ஒரு வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம்.

மூன்று நாள் எனக்கு அதே நினைப்பு. வாங்க வேண்டியது அந்த நெட்டை என்பதில் சந்தேகமில்லை. கொடுப்பது யாரை? நண்டுக்காரனை அவர்கள் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். ஓடுகிறவனை வாங்கினால் அன்று சாயங்காலமே திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அண்ணன் தம்பியில் ஒருவனைக் கொடுத்தால் இன்னொருவன் பின்னாலேயே நீந்திப் போய்விடுவான். அடுப்பு ஊதும்போதும் மீன் ஆயும்போதும் யோசித்தேன். எந்த வழியில் போனாலும் யோசனை என் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது.

அவருக்கு அந்த டீம் என்றால் உயிர். வாரம் முழுக்க ஏரியில் மார்பளவு தண்ணீரில் நின்று யாரும் பார்க்காத வேலை செய்கிற மனுஷன். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஊரே அவர் பேரைச் சொல்லிக் கத்தும். அன்றைக்கு ராத்திரி தூக்கத்தில்கூடச் சிரிப்பார். அதைப் பிடுங்கப்போவது நான். பெண்டாட்டியே வேண்டாம் என்று தள்ளிவிட்ட ஆள் என்கிற பேர் எங்கள் பக்கம் ஒருவனுக்கு வந்துவிட்டால் சாகிறவரை போகாது. பேரனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுகூட வாத்தியார் கேட்பார். எனக்குப் பயமாக இருந்தது. ஒரு ஆட்டமாவது ஜெயிக்க வேண்டும் என்கிற வெறியும் இருந்தது. இரண்டில் எது பெரியது என்று இப்போது கேட்டால் வெறிதான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் முன்னால் ஊர் கூடியது. மாற்றுவதா வேண்டாமா என்பதே முதலில் சண்டை. என் வீட்டுக்காரர்தான் எல்லாரையும்விட அதிகமாகக் குதித்தார்.

"ஆளக் குடுத்து ஆள வாங்கறதுக்கு நாம இன்னா டச்சுக்காரனா?" என்றார்.

கூட்டத்தில் பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். டச்சுக்காரன் இந்தக் கரையிலிருந்து துணியை மட்டும் கப்பல் ஏற்றவில்லை, மனுஷர்களையும் விலைக்கு வாங்கி ஏற்றினான் என்பது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த கதை. நல்ல இடத்தில் நல்ல போடு போட்டார் மனுஷன். எனக்கே ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. ஆனால் என் வாய் என் பேச்சைக் கேட்காது.

"என்ன அக்கரையிலேர்ந்து வாங்கிக்கினு உன் தங்கச்சிய அங்க குடுத்தாங்களே, அன்னிக்கு டச்சுக்காரன் நெனப்பு வர்லியா உனக்கு?" என்றேன்.

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பிப் பரவியது. மாமனார் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தார். மாற்றலாம் என்று அதோடு முடிவாகிவிட்டது.

யாரை மாற்றுவது என்று வந்தபோது ஒரு பெரியவர், "எதுக்கு மனஸ்தாபம்? பாடு பிரிக்கிற மாதிரி சீட்டு போட்டுடுவோம்" என்றார். ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு ஒதுக்குவதைத்தான் பாடு என்போம். எங்கள் ஊரில் சீட்டில் வந்ததுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. நல்ல இடம் வந்தால் சிரிப்பான், மோசமான இடம் வந்தால் தலையில் அடித்துக்கொள்வான், ஆனால் அங்கேதான் போய் வலை கட்டுவான்.

சீட்டு எழுத யாருக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பார்த்தார்கள். பன்னிரண்டாவது படித்தவள் நான்தான் இருந்தேன்.

காகிதத்தை ஐந்தாகக் கிழித்தேன். ஐந்து சீட்டிலும் என் வீட்டுக்காரர் பெயரையே எழுதினேன். சுருட்டிச் சொம்பில் போட்டுக் குலுக்கி மாமனார் முன்னால் வைத்தேன். சாமி தீர்ப்பாக ஆகிவிடும், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு.

மாமனார் ஐந்தாவது வரை படித்தவர். ஒரு சீட்டை எடுத்துப் பிரித்து மகன் பெயரைப் படித்தார். கூட்டம் 'அடடா' என்றது. நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். எல்லாம் முடிந்தது என்று சொம்பை எடுக்கக் குனிகிறேன், மாமனார் கை அடுத்த சீட்டுக்குப் போகிறது.

பாடு சீட்டில் எல்லாச் சீட்டையும் பிரித்துப் படிப்பதுதான் வழக்கம். ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொரு இடம் போக வேண்டுமே. பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற வழக்கம். அந்த நேரத்துக்கு எனக்கு மறந்துபோய்விட்டது. தடுக்கவும் முடியாது. தடுத்தால் ஏன் என்று கேட்பார்கள்.

மாமனார் இரண்டாவது சீட்டைப் பிரித்தார். பார்த்தார். காகிதத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து மறுபடியும் பார்த்தார். பிறகு நிதானமாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் கோயில் கோபுரத்தைப் பார்த்தேன்.

"நண்டுக்காரன்" என்று படித்தார் மாமனார்.

மூன்றாவதைப் பிரித்து ஓடுகிறவன் பெயரைப் படித்தார். நாலாவதும் ஐந்தாவதும் அண்ணனும் தம்பியும். காகிதத்தில் இல்லாத நாலு பேரையும் தடுமாறாமல் படித்து முடித்துவிட்டு, ஐந்து சீட்டையும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்: "சின்ன வயசுல தட்டுல நண்டு வெச்சா, கூடப் பொறந்தவளுக்கு ஒரு கால்கூட ஒடச்சிக் குடுக்க மாட்டான் அவன். எனக்குத் தெரியாதா? நெட்டைய வாங்கு. ஜெயி. ஆனா இந்தச் சீட்டு என்கிட்டதான் இருக்கும்." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மீன் தலை யாருக்கு என்பதில் சந்தேகம் வந்ததே இல்லை.

அண்ணனுக்குச் சேதி அனுப்பினேன், நெட்டையைத் தரச் சம்மதித்தான். ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வது என்றால் எங்கள் இரண்டு ஊருக்கும் தெரிந்த முறை ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை தளத்துக்கு அக்கரையிலிருந்து என் அண்ணனும் இரண்டு பெரியவர்களும் தாம்பூலத் தட்டோடு வந்து இறங்கினார்கள். இந்தப் பக்கமும் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழத்தோடு தட்டு தயார். நல்ல நேரம் பார்த்துத் தட்டை மாற்றிக்கொண்டார்கள். இறால் வியாபாரி கையில் பேப்பரை வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடணும், கையெழுத்துப் போடணும் என்று சுற்றிச் சுற்றி வந்தார். தாம்பூலம் மாற்றின பிறகு கையெழுத்து எதற்கு என்று யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. ஆட்டமெல்லாம் முடிகிறவரைக்கும் கொடுத்த ஆள் போன ஊரிலேயே தங்க வேண்டும் என்று பேச்சு.

என் வீட்டுக்காரர் ஒரு பையோடு படகில் ஏறினார். கரையில் நின்ற பெண்கள் விடுவார்களா? "போயிட்டு வா கண்ணு. மாமியா மனசு கோணாம நடந்துக்கோ" என்றாள் ஒருத்தி. "விடியறதுக்குள்ள எழுந்து வாசல் தெளிச்சிடு" என்றாள் இன்னொருத்தி. அவர் யாரையும் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. படகு நகர்ந்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நான் வந்து இறங்கினதும் இதே துறைதான். அன்றைக்கு நானும் யாரையும் பார்க்கவில்லை. தப்பு பண்ணிவிட்டேனோ என்று படகு மறைகிறவரை துறையிலேயே நின்றேன்.

நெட்டை வந்து சேர்ந்தான். அடுத்த இரண்டு ஞாயிறும் ஜெயித்தோம். தெறிக்கிற பந்தெல்லாம் அவன் கையில். வாழ்க்கையில் முதல் தடவையாக விசில் ஊதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தாம்பூலம் மாற்றி வந்த ஆளை எங்கள் ஊருக்கு எப்படி நடத்தத் தெரியும்? மாப்பிள்ளை மாதிரித்தான். தினம் ஒரு வீட்டில் விருந்து. காலையில் இறால், மத்தியானம் நண்டு, ராத்திரி மடவை மீன் வறுவல். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். மூன்றாவது வாரம் அவன் பனியன் தொப்புளுக்கு மேலே நின்றது. குதி என்று விசில் அடித்தால் நிமிர்ந்து பார்ப்பான், குதிகால்கூடத் தூக்காது. "விருந்த நிறுத்துங்க" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "பாவம், அக்கரப் புள்ள" என்றார்கள்.

அக்கரையிலிருந்தும் சேதி வந்துகொண்டிருந்தது. என் அண்ணன் விருந்து கிருந்து எதுவும் வைக்கவில்லை. "இங்க நீ மாப்ள கெடையாது, பிளேயர்" என்று முதல் நாளே சொல்லிவிட்டானாம். பந்தைக் கொடுக்கக் கற்றுக்கொள்கிறவரைக்கும் ஓரமாக உட்கார் என்று இரண்டு ஆட்டம் வெளியிலேயே உட்கார வைத்துவிட்டான். என் அம்மா மீன் விற்க வந்தபோது, "மாப்ள போட்டத துன்னுட்டு எழுந்துடறார்டி. ஒண்ணும் கேக்க மாட்டேன்றார். ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள். கோபத்தில் இருக்கிறார், விடு என்றேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

எல்லா ஊரும் மாறி மாறித் தோற்றதில் கடைசி ஆட்டம் எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவில்தான் வந்து நின்றது. ஜெயிக்கிறவர்களுக்குக் கோப்பை. மதில் மேலெல்லாம் ஆட்கள். எலும்புக்கூடு வாசலில்கூட இரண்டு பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கடைசி நிமிஷத்தில் நாங்கள் ஒரு புள்ளி முன்னால். பந்து என் வீட்டுக்காரர் கையில்.

இந்த நேரத்துக்காக என் ஆட்களுக்கு ஒரே பாடம்தான் சொல்லி வைத்திருந்தேன். அவர் கைக்குப் பந்து வந்தால் ஐந்து பேரும் அவரைச் சுற்றிக்கொள்ளுங்கள், மற்ற நாலு பேரையும் மறந்துவிடுங்கள், அவர் கொடுக்கவே மாட்டார். ஏழு வருஷம் கூட வாழ்ந்தவள் சொல்கிறேன் என்று சத்தியம்கூடப் பண்ணியிருந்தேன். ஐந்து பேரும் சுற்றிக்கொண்டார்கள். நண்டுக்காரன் இரண்டு முறத்தையும் விரித்து முகத்துக்கு நேரே நின்றான். பருத்துப்போன நெட்டை பின்பக்கம் மொத்தத்தையும் அடைத்துக்கொண்டான்.

என் வீட்டுக்காரர் அந்தக் கைகளுக்கு நடுவிலே என்னைப் பார்த்தார். ஒரு மாதத்தில் முதல் தடவையாகப் பார்த்தார். பிறகு குனிந்து, நண்டுக்காரனின் காலிடுக்கில் பந்தைத் தரையோடு தள்ளி, வளையத்துக்கு அடியில் தன்னந்தனியாக நின்ற என் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டார்.

அண்ணன் போட்டான். விழுந்தது. மடி அறுத்த வலை, பந்து நிற்காமல் கீழே வந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தோற்றதுக்கு இல்லை. என்னோடு ஆடின காலமெல்லாம் "கொடு, கொடு" என்று கத்தி என் தொண்டை போனது. ஒரு தடவை கொடுத்தாரா? அக்கரைக்குப் போய் ஒரு மாதத்தில் கொடுக்கிறார். என்னை விட்டுப் போனதும் நல்ல ஆளாகிவிடுகிற புருஷனை எந்தப் பெண்டாட்டிக்குப் பிடிக்கும்? விசிலைக் கழற்றி வியாபாரி மடியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் மாமனார் படகில் போய் மகனை அழைத்து வந்தார். என் அம்மா சும்மா அனுப்புவாளா? கருவாடு, வெற்றிலை, புது வேட்டி வைத்த தட்டைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு படகிலிருந்து இறங்கியபோது கரையில் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். மறுவீட்டுக்கு வந்த பெண்ணுக்கு மாதிரி ஒருத்தி ஆரத்தித் தட்டே கொண்டுவந்துவிட்டாள். அவர் பொறுமையாக நின்று சுற்ற விட்டார்.

அன்றைக்கு நண்டுக் குழம்பு வைத்திருந்தேன். சமாதானத்துக்குத்தான். மாமனாரும் மாமியாரும் சாப்பிட்டு எழுந்துபோன பிறகு அவருக்குப் போட்டேன். தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்:

"ஒரே பேர எழுதறதுக்கு இன்னாத்துக்கு அஞ்சு சீட்டு கிழிச்சே? ஒண்ணு போதாதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படகில் வரும்போது மாமனார் இடுப்பிலிருந்ததை எடுத்துக் காட்டிவிட்டார். மீன் தலையெல்லாம் தின்றுவிட்டுத்தான் காட்டியிருக்கிறார். திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டினால் திருப்பித் திட்டலாம், அதற்கு நான் எப்போதும் தயார்.

திட்டவில்லை. தட்டில் குழம்பு தீர்ந்திருந்தது. அவர் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நானாகப் போடட்டும் என்று காத்திருக்கிற மாதிரி இருந்தது. பிறகு கொஞ்சம் சிரித்தார்.

"பாத்தியா, பழகிடிச்சி. உங்க வூட்ல ஒரு மாசமா ரெண்டாவது வாட்டி கொழம்பு கேக்கல நானு. மாமியா வூடுதான். கேட்டா போடுவாங்க. வாய் வர்ல. தெரியாத வூட்ல குந்திக்கினு எப்பிடிக் கேக்கறது? பந்தும் அப்பிடித்தான். அங்க நான் யாரு? வந்தத வெச்சிக்கினு நின்னா எவனும் அடுத்த வாட்டி குடுக்க மாட்டான். குடுத்துட்டு நின்னேன்."

நான் சட்டியை இழுத்து அவருக்கு இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினேன். அவர் ஒரு நண்டுக் காலை உடைத்து, தான் தின்னாமல், என் பக்கம் தட்டோரத்தில் வைத்தார். பிறகு கேட்டார்:

"நீ எத்தினி மாசம் கேக்காம இருந்தே?"

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவர் என்னைக் கேட்ட கேள்விகளில் இது ஒன்றுதான் கேள்வி. அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "நாலு" என்றேன்.

எட்டில் பாதிதான் சொன்னேன். கோப்பையை அக்கரைக்குக் கொடுத்துவிட்டு வந்த ஆளிடம் எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் சொல்லிவிட முடியுமா?